எஞ்சினின் வயது

பழைய காரில் நான் மாற்றிப் பொருத்திய எஞ்சினை ஆய்வாளர் குனிந்து பார்த்தார். அவர் சான்று தந்தால்தான் என் தங்கச்சி புருஷன் ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதைப் பந்தயத்தில் ஓட்ட முடியும்.

"வேலை சுத்தமா இருக்கேப்பா!" என்றார். நான் கைவிளக்கை எஞ்சின் எண் பக்கம் திருப்பினேன்.

எஞ்சின் எண்ணைத் துடைத்துப் படித்தவர் நிமிர்ந்தார். "காரைவிட எஞ்சின் பழசு. சட்டப்படி செல்லாது. சான்று கிடையாது."

"மச்சான், இதுகூடத் தெரியாமலா ஸ்பேனர் பிடிக்கிறீங்க?" பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை எல்லார் முன்னாலும் கத்திவிட்டுப் போனார். தலைகுனிந்து வாங்கிக்கொண்டேன்.

தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

"அழாதம்மா. நீ கேட்டபடி, செல்லாத எஞ்சினாத் தேடித்தான் போட்டேன். பந்தயம் அவ்வளவுதான்."

"ரொம்பத் திட்டினாராண்ணே?"

"திட்டட்டும். திட்டுறதுக்கு மனுஷன் உசுரோட இருக்காருல்ல."