நீளத் தையலும் குட்டித் தையலும்

பிலோமினாவின் வயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குப் படுத்திருந்த தையலுக்கு, பக்கத்துக் கட்டில் வசுமதியின் தொப்புளோரக் குட்டித் தையலைக் கண்டாலே எரிச்சல். இரண்டு பெண்களுக்கும் கர்ப்பப்பையில் புற்றுநோய். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள்; பிலோமினாவுக்கு வயிற்றைத் திறந்து, வசுமதிக்குச் சிறு துளைகள் வழியாக.

"எங்கம்மா நாளைக்கே வீட்டுக்குப் போறாங்க. எனக்கு வலியே தெரியல," என்றது குட்டி.

"ஓட்டை வழியா எட்டிப் பார்த்ததுக்கே இவ்வளவு பீத்தலா? எங்கம்மா வயித்தை டாக்டர் நல்லாத் திறந்து, கண்ணால பார்த்து எடுத்தாரு," என்றது நீளத் தையல். ஆனாலும் அதற்கு உள்ளூர உதறல்தான். நோய் எங்காவது மிச்சம் இருந்துவிட்டால்?

அப்போது பரிசோதனை முடிவோடு டாக்டர் வந்தார். இரண்டு தையல்களும் காதைத் தீட்டிக்கொண்டன.

"ரெண்டு பேருக்கும் எங்கேயும் பரவலம்மா. முழுசா எடுத்தாச்சு."

பெண்கள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

"ஐயோ, மெதுவா சிரிங்கம்மா, வலிக்குது!" என்று அலறியது நீளத் தையல்.

"எனக்கும்தான்க்கா," என்று முனகியது குட்டி.