முப்பது கிலோவுக்குக் கீழே

"இன்னைக்கும் சிவப்பா?" என்று கேட்டார் மேனேஜர்.

"ஆமா சார். பொன்னாயி, இருபத்திரண்டு கிலோ," என்றேன்.

ஏற்காட்டில் அந்தக் காபி எஸ்டேட்டுக்குக் கலர் மானிட்டர் வந்து ஒரு வாரம். வருஷம் தொண்ணூற்று மூன்று. புரோகிராம் நான் எழுதியது. பழம் பறிக்கிறவர்களின் பெயரும் எடையும் திரையில் அட்டவணையாக வரும். முப்பது கிலோவுக்குக் குறைந்தால் அந்த வரி சிவப்பு, இல்லையென்றால் பச்சை. ஒரே ஒரு 'இஃப்' கட்டளைதான். அதற்கே எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஆறு நாளும் பொன்னாயி சிவப்பு. அவளோடு பறிக்கிற அம்மணி ஐம்பதுக்குக் குறையாமல் பச்சை.

"சோம்பேறி! நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு சொல்லிடு."

எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் காளியண்ணன் நெளிந்தார். "ஏனுங்க, அந்தம்மா இருவது வருசமாப் பறிக்குதுங்க. எடையை மட்டும் பாத்து…"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க," என்று குறுக்கே விழுந்தேன். என்னை யாரும் கேட்கவே இல்லை.

மேனேஜர் கிளம்பியதும் பொன்னாயியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். படிக்கத் தெரியாதவள், தன் பேர் எது என்று கேட்டாள். காட்டியதும் முகமெல்லாம் சிரிப்பு.

"என்ற பேரு மட்டும் பழமாட்டம் செவசெவன்னு இருக்குதுங்களே சாமி! நல்லாப் பறிச்சிருக்கறனுங்களா?"

"சிவப்புன்னா இனிமே வேலை இல்லைம்மா."

சிரிப்பு அப்படியே நின்றது. "இதை நம்பித்தானுங்க ஊடு நடக்குது," என்றாள். வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"வாங்க தம்பி," என்று ரைட்டர் என்னைத் தராசடிக்குக் கூட்டிப்போனார். அன்றைக்குப் பறித்த மூட்டைகள் அங்கே கிடந்தன. அம்மணியின் மூட்டையை அவிழ்த்தார். பாதிக்குப் பாதி பச்சைக்காய்.

"கிளையோட உருவுனா அம்பது கிலோ வருமுங்க. காய் கலந்தா காபி நொம்பக் கெட்டுப்போகும். பொன்னாயி பழுத்ததை மட்டும் ஒண்ணொண்ணாப் பாத்துப் பறிக்கும். எடை எங்கிருந்து வரும்?"

"முதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணே!"

"சொல்லத்தான் வாயெடுத்தனுங்க. நீங்கதான் விடலையே."

ரோட்டுக்கு ஓடினேன். வெள்ளக்கடைப் பக்கம் போகிற பஸ் அவளை ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்பிவிட்டது.

திரும்பி வந்து பொன்னாயியின் மூட்டையை அவிழ்த்தேன். ஒரு பச்சைக்காயாவது அகப்பட்டால் என் மனசு கொஞ்சம் ஆறுமே என்று அடிவரை கைவிட்டுத் துழாவினேன்.

ஒன்றுகூட இல்லை.