றுகையா வாசிக்கும் புத்தகம்

அப்படி ஒரு புத்தகம் எங்கேயும் இல்லை. ஸுல்பிகா டீச்சர் மூன்று மாதமாகத் தேடிப் பார்த்துவிட்டாள்.

பதினெட்டு வருடமாகப் பள்ளிக்கூட நூலகத்துக்குப் பொறுப்பாக இருப்பவள். முதலில் தன் அலுமாரிகளில் தேடினாள். அக்கரைப்பற்றுப் புத்தகக் கடையில் கேட்டாள். கொழும்புக்கும் போன் எடுத்தாள். 'போன கடல்' என்ற பெயரை ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

"இண்டைக்கு எல்லாருக்கும் முன்னால றுகையாட்டக் கேக்கத்தான் போறன்" என்று கணவரிடம் சொன்னாள். "வாசிக்காததை வாசிச்ச எண்டு சொல்றது பொய்தானே?"

"உடுங்க புள்ள, பாவம்" என்றார் அவர்.

அவள் விடுவதாக இல்லை.

கல்முனைக் கடற்கரைப் பக்கம் ஒரு மண்டபத்தின் மேல்மாடி. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, மாலை அஸர் தொழுகை முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே கூடுவார்கள். இப்போது என்ன வாசிக்கிறீர்கள், என்ன கேட்கிறீர்கள் என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அந்த வாசகர் வட்டம்.

வங்கியில் வேலை பார்க்கும் ஹிஷாம், அம்பாறைக்குப் போய்வரும் பஸ்ஸில் போனில் ஒரு பயணக் கதை கேட்பதாகச் சொன்னான். ஹிமாயா போன மாதம் சொன்ன அதே நாவலைத்தான் சொன்னாள்.

"நாப்பதாம் பக்கத்துக்கு வந்தா புள்ள எழும்பிருது. நான் என்ன செய்ய?"

எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்தது றுகையா. வீட்டில் அபாயா தைத்துக் கொடுப்பவள். வட்டத்தில் சேர்ந்து மூன்று மாதம்தான். அவள் கையில் ஒருநாளும் ஒரு புத்தகத்தைக் கண்டவர் இல்லை.

"இன்னம் அந்தப் புத்தகம்தான் போகுது" என்று மெல்லத் தொடங்கினாள். "ஊரோட கோவிச்சிட்டுக் கடல் போயிட்டெண்டு முதல்ல சொன்னன்தானே. அதைக் கூட்டி வாறதுக்கு அந்தப் பொம்புள தனிய நடந்து போறா. கடல் கிடந்த தரையெல்லாம் வெள்ள வெளேரெண்டு காயுது. கடல் எடுத்ததெல்லாம் அங்க அப்படியே இரிக்கி. ஒண்டும் பழுதாகல்ல. சைக்கிள், குடம், மதில், ஒரு வேப்பமரம்..."

குடித்துக்கொண்டிருந்த பிளேன்ரீக் கோப்பைகளை எல்லாரும் கீழே வைத்துவிட்டார்கள்.

"பொறகு ஒரு வீடு. அவட வீடுதான். கதவு சாத்திக் கிடக்கு. தட்டுறா. உள்ளுக்க ஆரோ எழும்பி வாற சத்தம் கேக்குது..."

ஸுல்பிகா தன்னை மறந்தாள். அவளும் அந்தத் தரையில் வெறுங்காலோடு நின்றாள். ஜன்னலுக்கு வெளியே அலை அடிப்பது காதில் விழவேயில்லை.

"அதுவரைக்கும்தான் வந்திரிக்கன்" என்று றுகையா நிறுத்தினாள்.

அந்தக் குரல் நின்றதும்தான் ஸுல்பிகாவுக்குத் தான் வந்த வேலையை நினைவூட்டியது.

"ஆர் எழுதின, றுகையா?"

"அது... அட்டை கிழிஞ்சி போயிட்டு டீச்சர்."

"அட்டை இல்லாட்டியும் பரவால்ல. வாற மாசம் புத்தகத்தக் கொண்டு வாங்க. நான் தேடாத இடமில்ல. அப்படி ஒண்டு இரிக்கிற மாதிரித் தெரியல்ல."

றுகையாவின் முகம் வெளுத்தது. முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள்.

அப்போதுதான் வட்டத்தின் தலைவர் ஜெஸீம் சேர் தொண்டையைச் செருமினார். கல்வி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் புத்தகத்தின் பெயர் வந்தாலும் அதைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஏதாவது இருக்கும்.

"'போன கடல்' தானே? நான் கெம்பஸ்ல படிக்கக்குள்ளேயே வாசிச்சிட்டன். நல்ல நாவல். கடைசி அத்தியாயம்தான் கொஞ்சம் நீளம்."

"ஓம் சேர்" என்றான் ஹிஷாம் உடனே. "நான் போன்ல கேட்டிரிக்கன். ஒரு பொம்புள வாசிச்ச. நல்ல குரல்."

சேர் ஸுல்பிகாவை ஆச்சரியமாகப் பார்த்தார். "நூலகத்துல இரிக்கிற நீங்க வாசிக்கல்லியா டீச்சர்?"

எல்லாருடைய கண்ணும் அவள்மேல் இருந்தது. பதினெட்டு வருடம். காதோரம் சுட்டது.

"வாசிச்சதுதான் சேர்" என்றாள் ஸுல்பிகா. "இப்பதான் ஞாபகம் வருது. முடிவு வாசிச்சிட்டு அழுதே போட்டன்."

கூட்டம் முடிந்தது. வீட்டுக்குப் போய்விட்டால் போதும் என்று அவள் வேகமாகப் படியிறங்கினாள். பின்னால் றுகையா ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"டீச்சர், கோவிக்காதீங்க. என்னட்ட அப்படிப் புத்தகம் ஒண்டும் இல்ல. மெசின்ல இரிந்து தைக்கக்குள்ள எனக்கு நானே சொல்லிக்கிற கதை அது. வாசிக்கிற ஆக்களோட கொஞ்ச நேரம் இரிக்க ஆசைப்பட்டுத்தான் பொய் சொன்ன."

ஸுல்பிகா படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஆனா நீங்க மூணு பேரும் வாசிச்சிரிக்கீங்க. அப்ப ஆரோ எனக்கு முன்னமே எழுதிட்டாங்கதானே?" றுகையா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குரலில் கேலி துளியும் இல்லை. "எனக்குத்தான் மூணு மாசமா அந்தக் கதவுக்கு அங்கால போக ஏலாமக் கிடக்கு. நீங்க முடிவு வரைக்கும் வாசிச்ச ஆள். சொல்லுங்க டீச்சர், கதவத் திறந்தது ஆரு?"