செங்குட்டுவனின் முதல் ஆல்பம்

பழைய பாட்டுகள் எட்டை எடுத்து, ஜாஸ் பாணியில் மாற்றி, செங்குட்டுவன் சாக்ஸபோனில் வாசித்த முதல் ஆல்பம் அன்று காலைதான் வெளியானது. ராயபுரத்து வீட்டு வாசலில் ஸ்பீக்கரை வைத்து ஓடவிட்டவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஒருத்தரும் எட்டிப் பாக்கலியே, மலரு?"

"செத்த குந்துய்யா. மொதப் பாட்டே இன்னும் முடியல," என்றாள் அவன் மனைவி மலர்க்கொடி.

அவன் உட்காரவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தான்.

இரண்டாவது பாட்டில் தெருவே திரண்டுவிட்டது. யாரும் பேசவில்லை. நாலைந்து பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். செங்குட்டுவனுக்கு உடம்பு சிலிர்த்தது.

எதிர்வீட்டு துரை பெரிய ரோஜா மாலையோடு வந்தான். செங்குட்டுவன் கூச்சத்தோடு கழுத்தை நீட்டினான்.

துரை அவனைத் தாண்டி வீட்டுக்குள் பார்த்தான். "உங்க நைனா எப்போ தவறுனாரு? நேத்துகூட நல்லாத்தான இருந்தாரு?"

"இன்னா மாமு சொல்ற?"

"பத்து வருசமா சாவு ஊர்வலத்துல வாசிக்கிறவன் நீ. உன் சாக்ஸபோன் ஒரு வூட்டு வாசல்ல கேட்டா, வேற இன்னான்னு நெனைக்கிறது?"

செங்குட்டுவன் ஸ்பீக்கரை அணைக்கப் போனான்.

உள்ளே கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "டேய் தொரை, அந்த மாலைய எம்புள்ள கழுத்துல போட்டுட்டுக் குந்து. மூணாவது பாட்டு இன்னும் நல்லா கீது!"