அந்தியூர்ச் சோளம்

வறட்சியைத் தாங்கும் சோளத்தைத் தேடித் தேடிச் செவ்வந்தி ஓய்ந்துபோனாள். எந்த நாற்றிலும் செடியைக் காக்கும் நொதி போதுமான அளவு இல்லை. கோவை ஆய்வகத்தை விட்டே போய்விடலாம் என்றிருந்தவள், அந்தியூர் விவசாயி நஞ்சுண்டன் அவள் இல்லாதபோது கைபேசி எண்ணோடு வைத்துவிட்டுப் போன நாற்றை முழுதாக அரைத்துச் சோதித்தாள்.

நொதி அவள் கண்டிராத அளவுக்கு இருந்தது. உடனே அவரை அழைத்தாள்.

“அண்ணா, உங்க சோளம் எந்த வெயிலையும் தாங்குமுங்க! மத்த நாத்துகளைப் பத்திரமா வெச்சிருங்க. விதை எடுத்தா ஊரே பொழைக்கும்.”

“மத்ததெல்லாம் கருகிப்போச்சுங்க அம்மணி. சோளக்காட்டுல தப்பிச்சது அது ஒண்ணுதானுங்க. உங்ககிட்ட இருந்தா பொழைச்சுக்கும்னு வேரோட கொண்டாந்து வெச்சேன். நல்லா இருக்குதுங்களா?”

செவ்வந்தி சோதனைக் குழாயில் இருந்த பச்சை விழுதைப் பார்த்தாள்.

“அரைச்சுப்போட்டேனுங்கண்ணா.”