பதினான்கு முனை

பதினான்கு முனைக்கு இருபத்தைந்து டிகிரி என்று கணக்குப் போட்டுவிட்டேன்.

ஒரு முனையை வரைந்து, அதையே திருப்பித் திருப்பி நகலெடுத்தால் நட்சத்திரம் வந்துவிடும் என்று யூடியூபில் சொன்னார்கள். வந்தது. கடைசி முனைக்கும் முதல் முனைக்கும் நடுவில் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி ஓர் ஓட்டை.

இருபத்தெட்டு வருடம் செனாய் ஊர்த் தொழிற்சாலையில் இரும்பை அளந்து சாப்பிட்டவன் நான். புள்ளிக்குப் பின்னால் வந்ததைத் தள்ளிவிட்டேன் பாருங்கள். வெட்கக்கேடு!

வரைய வேண்டியவள் என் மகள் லோஷினி. எங்கள் ஊர் கூலாயில் பாதிக் கடைகளின் பேனர் அவள் கைவேலைதான். ஹைவேயில் லோரி மோதி அவள் போய் இன்றோடு ஏழு நாள்.

மெர்டேக்கா சுதந்திர தினப் பேனருக்கு, மலேசியக் கொடியில் இருப்பதைப் போலவே ஒரு நட்சத்திரம் வேண்டுமென்று தமிழ்ப்பள்ளி டீச்சர் தேன்மொழி அவளிடம் கேட்டிருந்தார். விடுமுறைக்கு ஊருக்குப் போனவருக்கு விஷயம் எட்டவில்லை போல. நேற்று மகளின் மடிக்கணினியில் செய்தி வந்து விழுந்தது.

"லோஷி, எங்க லா என் ஸ்டார்?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் உட்கார்ந்தேன். விரல் ஓடவில்லை. 'நாளைக்குத் தரேன் டீச்சர்' என்று அவளாகவே பதில் போட்டுவிட்டேன்.

சொன்ன வேலையைக் கொடுக்காதவள் என்று என் பிள்ளைக்குப் பேர் வரக்கூடாது. அது மட்டுமா? அவளை இன்னும் ஒருத்தர் உயிரோடு இருப்பவளாக நினைத்துக் கூப்பிடுகிறாரே. அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

ஓட்டை நட்சத்திரத்தையே அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பதில் வந்தது.

"பரவால்ல லோஷி. டிகிரி கேக்குற எடத்துல 360/14ன்னு அப்படியே போடு. அதுவே வகுத்துக்கும்."

எதை அழுத்த வேண்டும், எந்தப் புள்ளியைப் பிடித்துத் திருப்ப வேண்டும் என்று படம் படமாக வேறு அனுப்பினார். தொழில் தெரிந்தவளுக்கே பாடம் எடுக்கிறார்! டீச்சர்மார் எங்கே போனாலும் டீச்சர்தான். நல்லவேளை, சந்தேகம் வரவில்லை.

சொன்னபடி செய்தேன். பதினான்கு முனையும் ஒரே சீராக நின்றன. லோஷினி வரைந்தது போலவே இருந்தது. மேசையில் தலையை வைத்து வாய்விட்டு அழுதேன்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அனுப்பினேன். 'முடிஞ்சிருச்சு டீச்சர். லேட்டானதுக்கு சாரி. லோஷினி.'

இந்த முறை உடனே பதில் வந்தது.

"ரொம்ப அழகா வந்திருக்கு அங்கிள். இன்னிக்காவது கொஞ்சம் சாப்பிடுங்க."