பதினோராவது இறகு

மழை ஓயாத தீவொன்றின் குளத்தில் வெண்முடி என்ற வாத்து தலைவியாக இருந்தது. நாள் முழுக்க எல்லோருக்கும் முன்னால் நீந்த வேண்டியிருந்ததால், குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்கிய அதன் நான்கு முட்டைகளும் கூட்டில் குளிர்ந்துகொண்டிருந்தன. ராஜினாமா செய்யும் அமைச்சர் தன் இறகு ஒன்றைப் பிடுங்கித் தலைவியின் கூட்டில் வைப்பது அங்கே வழக்கம்.

திங்கட்கிழமை பாசித்துறை அமைச்சர் வந்தது. "உங்க மேல நம்பிக்கை போயிடுச்சும்மா" என்று இறகை வைத்தது. மறுநாள் நான்கு இறகு. புதன்கிழமை ஐந்து. பத்தாவது இறகு விழுந்தபோதுதான் முட்டைகள் கதகதப்பாக இருப்பதை வெண்முடி கவனித்தது.

மிச்சமிருந்த நத்தைத்துறை அமைச்சர் ஓடி வந்தது. "கவலைப்படாதீங்கம்மா, நான் ஒருத்தன் போகவே மாட்டேன்!"

"ஐயையோ, நீங்களும் விலகிடுங்க! வடக்கு மூலையில இன்னும் ஒரு இறகுக்கு இடம் இருக்கு."

"அப்ப குளத்துக்கு யாரு தலைமை?"

"வெளியே பத்துப் பேரும் 'நான்தான் முன்னால'ன்னு கத்துறது கேக்கலையா? நானும் விலகிட்டேன்னு சொல்லிடுங்க."

பதினோராவது இறகும் வந்தது. வெண்முடி முட்டைகள்மேல் நிம்மதியாக உட்கார்ந்தது.

அடுத்த வாரம் அது மறுபடியும் முன்னால் நீந்தியது. திரும்பி எண்ணிப் பார்த்தது. பின்னால் நான்கு குஞ்சுகள். நான்கு பேரும் வந்துகொண்டிருந்தார்கள்.